சோழியும் மாசியும்: மாலத்தீவின் கடல் வணிகம் நமக்குச் சொல்லும் பாடம்



நாம் கடையில் வைத்து விற்கும் சரக்கு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நாடும் ஒரு வரலாறும் உண்டு. மிளகைப் பற்றியும் ஏலக்காயைப் பற்றியும் இந்த இதழில் பலர் எழுதியிருக்கிறார்கள். மாசிக் கருவாட்டைப் பற்றி யாரும் எழுதியதாக நினைவில்லை. தூத்துக்குடியிலும், லட்சத்தீவைச் சேர்ந்த மினிக்காயிலும் மாசி தயாராகிறது என்றாலும், இந்தச் சரக்குக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது மாலத்தீவு. அந்த நாட்டு மொழியான திவேஹியில் 'மஸ்' என்றால் மீன். நம்முடைய 'மாசி'யையும் அதையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாலே உறவு விளங்கும். அவர்கள் படகுக்கு 'தோனி' என்று பெயர். நம் தோணியேதான்.

நிலமே இல்லாத ஒரு நாடு கடலை மட்டும் நம்பி பல நூற்றாண்டுகள் வணிகம் செய்து பிழைத்திருக்கிறது. அது எப்போதெல்லாம் செழித்தது, எப்போதெல்லாம் இடறி விழுந்தது என்று பார்த்தால், பலசரக்குக் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் நேரடியாகப் பயன்படும் பாடம் ஒன்று கிடைக்கும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

நெல் விளையாத நாடு

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள் உள்ளன. மக்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவான தீவுகளில்தான். வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் கடலில் சிதறிக் கிடக்கும் இந்தத் தீவுகளின் நிலப்பரப்பை எல்லாம் கூட்டினாலும் சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். இன்றைய சென்னை மாநகராட்சியின் பரப்பைவிடக் குறைவு. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல்.

எல்லாம் பவளப் பாறை மேல் படிந்த மணல் தீவுகள். மலை இல்லை, ஆறு இல்லை, நெல் விளையாது. தென்னை உண்டு, மீன் உண்டு, கொஞ்சம் கிழங்கும் சிறுதானியமும் உண்டு. அரிசி, துணி, இரும்பு, மசாலாச் சாமான் எல்லாம் வெளியிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். நமக்கு வணிகம் பல தொழில்களில் ஒன்று. அவர்களுக்கோ வணிகம் நின்றால் அடுப்பு எரியாது.

நமக்கும் இந்தத் தீவுகளுக்கும் தொடர்பு பழையது. முதலாம் ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் அவன் கடலில் உள்ள பன்னீராயிரம் பழந்தீவுகளை வென்றதாகச் சொல்கின்றன. வரலாற்று ஆசிரியர்கள் பலர் இதை மாலத்தீவு என்றே கொள்கிறார்கள்.

கடலில் பொறுக்கிய காசு

மாலத்தீவின் முதல் பெரிய சரக்கு சோழி. பலகறை என்றும் சொல்வோம். இன்று நமக்கு அது பல்லாங்குழி ஆடவும், ஜோசியம் பார்க்கவும் பயன்படும் பொருள். ஒரு காலத்தில் அது வங்காளத்திலும் ஒரிசாவிலும் ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியிலும் சந்தையில் செல்லுபடியான சில்லறைக் காசு. அளவு சிறியது, தேயாது, உடையாது, கள்ளக் காசு அடிக்க முடியாது. சில்லறைக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

மொராக்கோ நாட்டுப் பயணி இபுன் பதூதா 1343-ல் மாலத்தீவுக்கு வந்து அங்கே நீதிபதியாகவும் இருந்தார். 1344-ல் அங்கிருந்து கிளம்பி இலங்கை வழியாக மதுரைக்கும் வந்து சேர்ந்தார். அவர் சோழி வணிகத்தை ஒரு வியாபாரியின் கண்ணோடு பார்த்து எழுதி வைத்திருக்கிறார். சோழியைக் கடலிலிருந்து எடுத்துக் கரையில் குழி தோண்டிப் போடுவார்கள். சதை அழுகிப் போனபின் வெள்ளை ஓடு மட்டும் மிஞ்சும். நாம் வெற்றிலைக்குக் கவுளி, கட்டு என்று கணக்கு வைத்திருப்பதுபோல, அவர்கள் நூறு சோழிக்கு ஒரு பெயர், எழுநூறுக்கு ஒரு பெயர், பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு பெயர், லட்சத்துக்கு ஒரு பெயர் என்று வைத்திருந்தார்கள். அதை வங்காளத்தாருக்குக் கொடுத்து அரிசி வாங்கினார்கள்.

விலையையும் அவர் குறித்திருக்கிறார். மாலத்தீவில் ஒரு பொன் தினாருக்கு 4 லட்சம் சோழி. விலை இறங்கினால் 12 லட்சம் வரைகூடக் கொடுப்பார்கள். பின்னர் அவர் ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக்குப் போனார். அங்கே அதே சோழி ஒரு பொன் தினாருக்கு 1,150-தான்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். கொள்முதல் இடத்துக்கும் விற்பனை இடத்துக்கும் இடையே சுமார் 350 மடங்கு வித்தியாசம். இடையில் கப்பல் கூலி, ஒட்டகக் கூலி, சுங்கம், தரகு, கடலில் மூழ்கிய சரக்கின் நஷ்டம் எல்லாம் உண்டு என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இடுப்பளவு தண்ணீரில் நின்று சோழி பொறுக்கியவருக்கு, தன் சரக்கு கடைசியில் எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பது தெரிந்திருக்க வழியில்லை. அவருக்குத் தெரிந்தது அரிசிக் கப்பல் ஒன்றுதான்.

அரிசிக்காரர் சொன்னதே விலை

பிரான்சு நாட்டைச் சேர்ந்த பிரார் தெ லவால் என்பவர் வந்த கப்பல் 1602-ல் மாலத்தீவின் பாறையில் மோதி உடைந்தது. அவர் 1607 வரை அங்கேயே தங்க நேர்ந்தது. மொழியையும் கற்றுக்கொண்டார். வேறு சரக்கு எதுவும் இல்லாமல் சோழி மட்டுமே ஏற்றிய முப்பது, நாற்பது கப்பல்கள் ஒரே ஆண்டில் வங்காளத்துக்குப் போனதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் கப்பல் காற்றின் சொல்படிதான் ஓடும். தென்மேற்குப் பருவக்காற்றில் வங்காளத்துக்குப் போய், வடகிழக்குப் பருவக்காற்றில் அரிசியோடு திரும்புவார்கள். ஆண்டுக்கு ஒரு நடை. அந்த ஒரு நடையில் விலை படியவில்லை என்றால் சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள முடியாது. வீட்டில் அரிசிப் பானை காலி. ஆகவே அரிசிக்காரர் சொன்னதே விலையாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்க நாம் பெரிய படிப்பு படிக்க வேண்டியதில்லை.

சோழியின் வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இலங்கையிலும் வங்காளத்திலும் மாலத்தீவுச் சோழியை வாங்கிக் கப்பலின் அடியில் பாரமாகப் போட்டு ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் அது ஏலம் போனது. அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், மனிதர்களை அடிமைகளாக வாங்கும் விலைப் பணமாக மாறியது. பொறுக்கிய தீவு மக்களுக்கு இது தெரியாது. இடையில் கைமாற்றியவர்களுக்குத் தெரியும். லாபக் கணக்கில் வராத கணக்கு ஒன்று உண்டு என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேறு இல்லை.

பிறகு சோழிக் காசும் செத்தது. 19-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி, வரியைச் சோழியாக வாங்காமல் வெள்ளிப் பணமாகக் கேட்டது. 1817-ல் ஒரிசாவில் நடந்த பைக்கர் கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். வங்காளச் சந்தை சுருங்கியது. ஆப்பிரிக்கச் சந்தையிலோ வேறு கதை. ஜெர்மானிய வியாபாரிகள் சான்சிபார் கரையில் மலிவாகக் கிடைத்த இன்னொரு வகைச் சோழியைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். சந்தையில் சோழி குவிந்தது. அதன் மதிப்பு சரிந்தது. பல நூற்றாண்டுச் சரக்கு, ஒரு நூறு ஆண்டுக்குள் விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது.

கயிறும் விருந்தோம்பலும்

இரண்டாவது சரக்கு தென்னங்கயிறு. அக்காலத்தில் இந்துமாக் கடலில் ஓடிய மரக்கலங்கள் பலவற்றில் ஆணி அடிப்பதில்லை. பலகைகளைத் துளையிட்டுக் கயிற்றால் தைப்பார்கள். ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் பிளந்துவிடும், கயிற்றால் தைத்தது வளைந்து கொடுக்கும் என்று இபுன் பதூதா எழுதுகிறார். மாலத்தீவுக் கயிறு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் போனது என்றும் அவரே சொல்கிறார்.

அவர் சொல்லும் இன்னொரு வழக்கம் வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது. வெளியூர்க் கப்பல் வந்தவுடன் தீவுக்காரர்கள் சிறு படகுகளில் வெற்றிலையும் இளநீரும் எடுத்துக்கொண்டு எதிர்கொண்டு போவார்கள். கப்பலில் உள்ள ஒருவருக்கு யார் அதைக் கொடுக்கிறாரோ, அவர் வீட்டுக்கே அந்த வணிகர் விருந்தாளி. சொந்தக்காரரின் மூட்டையைச் சுமப்பதுபோல விருந்தாளியின் சரக்கை வீட்டுக்குச் சுமந்து போவார். வெளியூரிலிருந்து சரக்கோடு வருபவருக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்த நம் பழைய மண்டிகளின் வழக்கமும் இதுவே. சீட்டும் கையெழுத்தும் இல்லாத காலத்தில் வணிகத்துக்கு நாணயமே பத்திரம்.

மாசி: கைத்திறனால் வந்த சரக்கு

மூன்றாவது சரக்கு மாசி. சூரை மீனைப் பிடித்து, தலையும் குடலும் நீக்கி, துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் அவித்து, புகை போட்டு, வெயிலில் காய வைத்தால் மரக்கட்டை போல் ஆகிவிடும். ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் மீனை நெடுந்தூரம் அனுப்ப இதைவிடச் சிறந்த வழி இல்லை.

பிடிக்கும் முறையும் தனி. சிறு மீன்களை உயிரோடு படகுக்குள் தண்ணீரில் வைத்திருப்பார்கள். சூரைக் கூட்டம் தென்பட்டதும் அவற்றை அள்ளிக் கடலில் வீசுவார்கள். சூரை மேலே பாய்ந்து வரும். கழியில் கட்டிய முள்ளற்ற தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சுண்டிப் படகுக்குள் போடுவார்கள். வலை கிடையாது. வேண்டாத மீன் வீணாகச் சாவது மிகக் குறைவு. இந்தக் கழித்தூண்டில் முறைக்காகவே 2012-ல் மாலத்தீவுச் சூரைக்குக் கடல் வளம் காக்கும் மீன்பிடிப்பு என்ற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது. பாட்டன் காலத்துத் தொழில்முறை பேரன் காலத்தில் முத்திரையாக ஆனது.

சோழியை எங்கும் பொறுக்கலாம். மாசி செய்யக் கைப்பழக்கம் வேண்டும். அதனால்தான் சோழி செத்த பிறகும் மாசி நின்றது. இலங்கையில் சம்பல் முதல் கறி வரை மாசி இல்லாத சமையலறை அரிது. சிங்களத்தில் அதை 'உம்பலகட' என்பார்கள். கொழும்பு மாசிக்குத் தலைமைச் சந்தை ஆயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து போன போரா வணிகர்கள் தலைநகர் மாலேயில் கடை திறந்தார்கள். அரிசியும் துணியும் இறக்கி மாசியை ஏற்றினார்கள். பல பத்தாண்டுகள் ஏற்றுமதி இறக்குமதி பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தது. மாலத்தீவு 1887 முதல் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தது. 1965 ஜூலை 26-ல் முழு விடுதலை பெற்றது.

ஒரே வாடிக்கையாளரை நம்பியதன் விளைவு

இங்கேதான் நம் பாடம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. கப்பல் போக்குவரத்தும் குறைந்தது. மாலத்தீவில் மாசி இருந்தது, அரிசி இல்லை. இலை தழைகளைத் தின்று பிழைத்தவர்கள் உண்டு, பட்டினியால் இறந்தவர்களும் உண்டு. 'பெரிய பஞ்சம்' என்று அந்நாட்டு முதியவர்கள் அந்தக் காலத்தைச் சொல்வார்கள்.

போர் முடிந்தது, பழைய வணிகம் திரும்பியது, மறுபடியும் கொழும்பே கதி என்று இருந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. அரசு இறக்குமதிகளைச் சுருக்கியது. மாசியும் அந்த வெட்டில் அகப்பட்டது. மாசியின் தரம் குறையவில்லை, விலை அதிகமில்லை, இலங்கை மக்களுக்கு ருசி மறக்கவில்லை. வாங்குபவரின் கையில் பணம் இல்லை, அவ்வளவுதான். அதற்கே ஒரு நாட்டின் ஏற்றுமதி தடுமாறிப் போனது.

ஆனால் அவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. பச்சை மீனாகவே வாங்க ஜப்பானியக் கம்பெனிகளின் குளிர்பதனக் கப்பல்கள் வந்தன. 1974 முதல் பாய்மரத் தோனிகளுக்கு இயந்திரம் பொருத்தினார்கள். 1978-ல் ஃபெலிவரு தீவில் டப்பா மீன் தொழிற்சாலை வந்தது. 1972-ல் குரும்பா என்ற முதல் உல்லாச விடுதியைத் திறந்தார்கள். யாரும் குடியிராத தீவுகளில் மணலும் வெயிலும் கடல் நீரும் தவிர ஒன்றுமில்லை. அதையே சரக்காக்கினார்கள்!

சுற்றுலா வளர்ந்தது. மீனைத் தாண்டி நாட்டின் முதல் வருமானமே அதுதான் என்றாயிற்று. மறுபடியும் ஒரே சரக்கு! 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லை மூடியபோது அந்த வருமானம் ஒரே நாளில் அடைபட்டது. ஜூலை 15 வரை வெளிநாட்டுப் பயணி ஒருவரும் விடுதிக்கு வர முடியவில்லை. அப்போதும் தினமும் கடலுக்குப் போய்த் திரும்பியவை மீன்படகுகள்தான். பழைய தொழிலைக் கைவிடாமல் வைத்திருந்தது கை கொடுத்தது.

நம் மண்டியும் அவர்கள் அடுப்பும்

இன்றும் அங்கே அரிசி விளையவில்லை. 1981-ல் இந்தியாவும் மாலத்தீவும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தப்படி அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் அளவு ஒதுக்கப்படுகிறது. நம் நாட்டில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை இருந்த 2024 ஏப்ரலில்கூட, 2024-25-ஆம் ஆண்டுக்கு மாலத்தீவுக்கு மட்டும் சுமார் 35,700 டன் வெங்காயம், 1.24 லட்சம் டன் அரிசி, 42.75 கோடி முட்டை என்று அளவு அறிவித்தார்கள்.

தூத்துக்குடித் தோணிகள் காய்கறி, பலசரக்கு, கட்டுமானப் பொருள்களை ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போய் வருவது நம் வட்டார வணிகர்கள் அறிந்ததே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்த ஓட்டம் நிற்கும். 2020 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக மாலத்தீவுக்கு நேரடிச் சரக்குக் கப்பல் சேவையும் தொடங்கப்பட்டது. காற்று மாறும்வரை காத்திருந்த காலம் போனாலும், அரிசி மூட்டை கடல் தாண்டித்தான் போக வேண்டும் என்ற நிலை மாறவில்லை.

மாலேயில் 1658-ல் கட்டிய ஹுகுரு மிஸ்கி என்ற பழைய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. பவளக் கல்லை மரம்போல் செதுக்கி ஒன்றோடொன்று பூட்டிக் கட்டியது. நிலம் கொடுக்காததைக் கடலிலிருந்து எடுத்து வாழ்ந்த மக்களின் கைவேலைக்கு அது ஒரு சாட்சி.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

1. சரக்கு ஒன்று, வாங்குபவர் ஒருவர் என்ற நிலை வந்தால், விலை நம் கையில் இல்லை. சோழிக்கு வங்காளம், மாசிக்குக் கொழும்பு, இரண்டிலும் நடந்தது இதுவே. எங்கள் பஜாரில் ஒரே கம்பெனியின் ஏஜென்சியை மட்டும் வைத்து இருபது ஆண்டு செழிப்பாக இருந்த கடை ஒன்று, அந்த ஏஜென்சி கைமாறியதும் ஆறே மாதத்தில் கதவடைத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2. நம் சரக்கு கடைசியில் யார் கைக்கு, என்ன விலைக்குப் போகிறது என்பதை விசாரித்து வைத்திருக்க வேண்டும். நானூறு மைலுக்கு அப்பால் உள்ள விலை இன்று கைபேசியில் தெரிகிறது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு இனி சாக்கு இல்லை.

3. எளிதில் கிடைக்கும் சரக்குக்கு நாளை இன்னொருவர் இன்னும் மலிவாகக் கொண்டுவருவார். கைத்திறனும் தரமும் சேர்ந்த சரக்கே நிற்கும். பாக்கெட் சாமானைப் பெரிய அங்காடியும் விற்கும், கைபேசி வியாபாரியும் வீட்டு வாசலில் கொண்டு போய்க் கொடுப்பார். புடைத்துச் சுத்தம் செய்த பருப்பு, பக்குவமாக வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், பார்த்துப் பொறுக்கிய மாசி, இவை நம் பெயரைச் சொல்லும்.

4. புதுத் தொழில் வந்ததும் பழைய தொழிலை அடியோடு விட்டுவிடக் கூடாது. கெட்ட காலத்தில் அதுதான் சோறு போடும்.

5. தேடி வருகிற வணிகரை உறவாக நடத்துவது பழைய மரபு. கடன் வாய்தா தவறும் காலத்தில் அந்த உறவே நமக்கு வரவு.

இந்த மாதம் கணக்கு முடிக்கும்போது பேரேட்டை எடுத்து ஒரு வேலை செய்யுங்கள். நம் கொள்முதலில் எத்தனை பங்கு ஒரே இடத்திலிருந்து வருகிறது, நம் விற்பனையில் எத்தனை பங்கு ஒரே வாடிக்கையாளருக்குப் போகிறது என்று தனியாக எழுதிப் பாருங்கள். இரண்டில் எதிலாவது பாதிக்கு மேல் வந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இரண்டாவது இடம் ஒன்றை இப்போதே தேட ஆரம்பிக்க வேண்டும். வியாபாரம் நன்றாக நடக்கும்போது தேடினால் நல்ல இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். நின்ற பிறகு தேடினால் கிடைத்ததைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.